இடது கால் பூட்ஸ்

ஜூலை எங்களுக்குக் குளிர்காலம்.
பள்ளிக்கூடம் இரண்டு வாரம் லீவு.
மழை விட்ட புதன்கிழமை
வேனிலிருந்து இறங்கும்போதே வில்மாரின்
கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், கையில் மாத்தே குடுவை.
இரண்டும் இல்லாமல் ஓர் உருகுவேக்காரனைப் பார்த்தால்
அவன் குளித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

சின்ன மிருகக்காட்சிசாலை. நகராட்சி நடத்துவது.
டிக்கெட் கிடையாது, வாசலில் ஓர் உண்டியல்.
தன் ஒரே பத்து பேசோ நாணயத்தைப் போட்டுவிட்டு
அது விழும் சத்தத்துக்காக
உலிசெஸ் காதை வைத்து நின்றான்.
ஆறு வயது. மலைச்சிங்கத்துக்காகத்தான் வந்தான்.
பல் எத்தனை என்று எண்ணி வரச் சொன்னாளாம் டீச்சர்.
லீவில் எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை.

மூன்று வயது ரெனாத்தா அப்பாவின் தோளில்.
கைக்குழந்தை என் கோட்டுக்குள்,
எந்த மிருகத்தையும் பார்ப்பதில்லை என்று
தீர்மானித்துத் தூங்கினான்.

முதல் வேலி கார்ப்பின்ச்சோவுடையது.
எலி இனம்தான், ஆனால் ஆட்டுக்கிடா அளவு.
பென்ஷன் வரிசையில் நிற்கிறவரின் முகம்.
ரெனாத்தா காலை ஆட்டினாள்.
சிவப்பு ரப்பர் பூட்ஸ், இடது,
வேலிக்கு மேலே ஒரு வளைவு போட்டு
அந்தப் பக்கம் வைக்கோலில் விழுந்தது.

அது எழுந்து வந்தது.
முகர்ந்தது.
திரும்பியது.
பூட்ஸின் மேல் உட்கார்ந்தது.

வில்மார் சீட்டியடித்தான், கைதட்டினான்,
பிஸ்கட்டை நீட்டினான்.
உணவு தராதீர் என்றது பலகை.
பிஸ்கட்டை அவனே தின்றான்.
நான் ஆள் தேடிப் போனேன். காவலறைக் கதவில் ஒரு சீட்டு:
சாப்பிடப் போயிருக்கிறேன், மூன்று மணிக்கு வருவேன், நெல்போ.
மணி ஒன்று இருபது.

வில்மார் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி
அவள் பாதத்துக்கு மாட்டினான்.
பெஞ்சில் உட்கார்ந்தோம்.

ஒரே மிருகத்தை இவ்வளவு நேரம்
நான் பார்த்ததில்லை.
கல்யாணமாகி ஒன்பது வருடம், வில்மாரைக்கூட
அப்படிப் பார்த்தேனா தெரியாது.
மூக்கின் மேல் ஒரு பழைய தழும்பு.
காதுகள் இரண்டும் தனித்தனியே யோசிக்கின்றன.
ஒரு குருவி முதுகில் எதையோ கொத்தும்போது
கண்ணை மூடிக்கொள்கிறது,
தலை வாரும்போது ரெனாத்தா மூடுவதைப் போல.

இரட்டைக் குழந்தைகளோடு ஒரு குடும்பம் வந்தது.
என்ன பண்ணுது அது?
ரெனாத்தா உதட்டில் விரல் வைத்தாள்.
"கத்தாதீங்க. என் பூட்ஸை அடைகாக்குது."
இரட்டையரின் அப்பா குரலைத் தாழ்த்தினார்.
"எத்தனை நாளாகும்?"
அவள் தன் விரல்களைக் கலந்தாலோசித்துவிட்டு
"குட்டி பூட்ஸ் மத்தியானம் வரும்" என்றாள்.

அவர்களும் நின்றார்கள்.
பிறகு கால்பந்துச் சட்டையில் நாலு பையன்கள்,
பணி முடிந்து வந்த ஒரு நர்ஸ்.
மலைச்சிங்கத்தின் முன்னால் யாருமில்லை.
"அதுக்குப் போரடிக்கும்" என்றான் உலிசெஸ்,
இரண்டு முறை.

மூன்று பத்துக்கு நெல்போ வந்தார்,
பல் குத்தியபடி, ஒரு பூசணிக் கீற்றோடு.
எதுவும் விசாரிக்கவில்லை,
தினமும் பூட்ஸ் விழுகிற ஊர் போல.
பூசணியை எறிந்தார்.
எழுந்தது அது.
கீழே சப்பையாக, சிவப்பாக.

மண்வாரியில் அள்ளி நீட்டினார்.
ரெனாத்தா முதலில் உள்ளே எட்டிப் பார்த்தாள்.
கவிழ்த்து உலுக்கினாள்.
ஒரு வைக்கோல் துணுக்கு.
கூட்டம் மூச்சைப் பிடித்திருந்தது, சத்தியமாக.
"இன்னும் பிறக்கல" என்றாள், வருத்தமில்லாமல்.

காலை நுழைக்கும் முன் நான் கையை விட்டுப் பார்த்தேன்.
சூடு.
அடுப்பின் சூடு இல்லை, வெயிலின் சூடு இல்லை.
இப்போதுதான் எழுந்து போனவரின் படுக்கை.
கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தேன்.
யாரும் கவனிக்கவில்லை.

நாலு மணிக்கு கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

வேனில் உலிசெஸ் கேட்டான்:
"டீச்சர் கேட்டா எத்தனை பல்லுன்னு சொல்றது?"
"முப்பது" என்றான் வில்மார்.
"நீ எண்ணினியா?"
மாத்தே ஆறிப்போயிருந்தது. வில்மார் குடித்தான்.

பின் இருக்கை ரொம்ப அமைதியாக இருக்கவே
திரும்பிப் பார்த்தேன்.
ரெனாத்தா வலது பூட்ஸைக் கழற்றி,
தூங்கும் தம்பியின் தொடைக்கடியில்
மெல்லச் செருகிக்கொண்டிருந்தாள்.