அளவுக்கு ஓர் ஆள்

பேசின் பிரிட்ஜ் யார்டின் கடைசித் தண்டவாளத்தில்
வேலிகாத்தான் முளைத்த நீராவி இன்ஜின்.
கிளாஸ்கோவில் பிறந்ததாம்.
பெயர்ப்பலகையை யாரோ எடைக்குப் போட்டாயிற்று,
நான்கு ஆணித்துளை மிச்சம்.

நாற்பத்தொரு படம் எடுத்திருந்தேன்.
"இன்னாம்மா, இங்க இன்னா வேல?"
ரயில்வே போலீஸ் தணிகாசலம்
ஒவ்வொன்றாய் அழிக்கவைத்தார்,
பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே.
பிஸ்டன், பஃபர், புகைபோக்கியின் விளிம்பு
எல்லாம் போனது.

கடைசிப் படமும் போனபின்
தொப்பியைச் சரிசெய்தார்.
"சரி, என்ன ஒண்ணு எடு. ஊட்ல காட்டணும்."
நம்பரும் சொன்னார்.

சக்கரத்தின் மேல் கைவைத்து
வயிற்றை உள்ளிழுத்து நின்றார்,
அவர் சுட்ட புலி போலப் பின்னால் அது.

அந்த ஒரு படம்தான் என்னிடம்.

வியாசர்பாடி, இரண்டாம் மாடி.
கீழ்வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து
செருப்புச் சத்தம் கலைகிற நேரம்.
பிவிசி குழாயில் கொதிகலன்,
ஊசிமருந்துக் குப்பியின் மூடி முன்விளக்கு.
எழுபத்தாறில் ஒரு பங்கு.
ஆனால் எந்த முழுமையில்?
பதினொரு மணிக்கு அவருக்கே வாட்ஸ்அப் போட்டேன்:
சார், உங்க உயரம் என்ன?

நீல டிக் விழுந்தது.
நெடுநேரம் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.
"தொப்பியோடயா, தொப்பி இல்லாமயா?"

அவர் உடம்பு மறைத்த இடத்தில்
குழாய் இருந்ததா, வால்வா, வெறும் துருவா,
தெரியவில்லை.
ஊகித்து ஒட்ட மனம் வரவில்லை.
எம்.சி. ரோடு வரை போய்
காக்கி பெயின்ட் வாங்கிவந்தேன்.

இருபத்துமூன்று மில்லிமீட்டர்.
தொப்பி தனி.