நிகர எடை

கொஸ்தனாய்க்கு வடக்கே, தண்டவாளம் முடிகிற இடத்தில்
கோதுமைக் கிடங்கின் எடைப்பாலம் என் பொறுப்பு.
அறுபது டன் தாங்கும்.
இருபது இருபது கிலோவாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்,
நடுவில் கிடப்பதை விழுங்கிவிடும்.

முதல் லாரி வருமுன் தினமும் நான் ஏறி நிற்பேன்.
பாலம் விழித்துவிட்டதா என்று பார்க்க, அவ்வளவுதான்.
பதினாலு வருஷமாக எண்பது.
செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை
அறுபது.

ஒரே ராத்திரியில் இருபது கிலோவை யாரும் தொலைப்பதில்லை.
மெக்கானிக்கை வரவழைத்தேன்.
இரும்புக் கட்டிகளை அடுக்கிப் பார்த்துவிட்டு
"பாலம் சரியாக இருக்கிறது, தொலெகென்" என்றான்
என் பெல்ட்டைப் பார்த்தபடி.
ஆணியால் குத்திய மூன்று புது ஓட்டைகள்.

மூட்டைத் தராசில் ஏறினேன்.
அறுபத்தொன்பதரை.
ஜூனில், மருத்துவச் சான்றுக்கு நின்றபோது எண்பத்திரண்டு.

அதுவரை ஊர் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தது.
டிரைவர்கள் கண்ணாடியை இறக்கி
"எந்த டயட்?" என்பார்கள்.
கணக்கெழுதும் நூர்பிபி மட்டும்
கண் பட்டிருக்கும் என்று
காய்ந்த செடியைக் கொளுத்தி என்னைச் சுற்றிப் புகை காட்டினாள்.
தும்மல் வந்தது.

ராபிகா, என் மனைவி, கிடங்கு கேன்டீனில் சமைப்பவள்.
சுவரில் கலோரிப் பட்டியல் ஒட்டிய சமையலறை.
"நான் போடுவதெல்லாம் எங்கே போகிறது?"
கேள்வி எனக்கா தட்டுக்கா என்று தெரியவில்லை.
பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்தாள்.
ரொட்டி, அரைக் கிலோ: ஆயிரத்து இருநூறு.
குதிரைக் கறி: எண்ணூறு.
பொரித்த பவுர்சாக் ஏழு: எழுநூறு.
பால் விட்ட டீ ஒன்பது கிண்ணம்,
கிண்ணத்துக்கு இரண்டு கட்டி சர்க்கரை: ஐந்நூற்று நாற்பது.

மூவாயிரத்து இருநூற்று நாற்பது.
உட்கார்ந்து பொத்தான் அழுத்துகிறவன்
ஊதிப் பெருத்திருக்க வேண்டிய கணக்கு.
இரண்டு முறை கூட்டினாள்.
ஒன்பது கிண்ணம் ஏன் என்று அவள் கேட்கவில்லை.
தாகத்துக்குக் கலோரி கிடையாது.
இரவில் நாலு தரம் எழுந்து
முற்றத்துக் கழிப்பறைக்கு நான் நடந்ததும்
எந்தப் பட்டியலிலும் இல்லை.

அந்த வாரம்தான் ஊமிர்ஜானின் லாரி.
வயல் சீட்டில் இருபத்து நாலாயிரத்து முந்நூற்று அறுபது,
என் பாலத்தில் முந்நூற்றெண்பது குறைவு.
"எங்கே விற்றாய்?" என்றேன்.
ரொட்டி மேல் சத்தியம் செய்தான்.
வெளியே வந்து பார்த்தேன்.
சாலை நெடுக, கண்ணெட்டும் வரை,
காக்கைகள் ஒற்றை வரிசையில்
தலை குனிந்து, அவசரமே இல்லாமல்.
லாரியின் தரைப் பலகையில் இரண்டு விரல் இடைவெளி.

அவன் கோணித் துணியை அடைத்துக்கொண்டிருந்தான்.
நான் காக்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
மறுநாள் பஸ் ஏறினேன்.

டாக்டர் விரலில் குத்தினார்.
கைக்கடக்கமான மெஷின் எண் காட்டவில்லை,
மிக அதிகம் என்று மட்டும் காட்டியது.
அதுவும் ஒரு எடைப்பாலம்தான் போல.

"சாப்பிட்டது சர்க்கரையாகி ரத்தம் வரை வருகிறது.
உள்ளே போகக் கதவு திறக்கவில்லை.
வந்தது வந்தபடி சிறுநீரில் போகிறது,
நாளுக்கு நூறு கிராமுக்கு மேல்.
மூவாயிரம் கலோரி தின்றுகொண்டே
பட்டினி கிடக்கிறீர்கள்.
உடம்பு தன் சதையையே எடுத்து எரிக்கிறது."
காகிதத்தை இழுத்துப் படம் போடத் தொடங்கினார்.

"பலகையில் ஓட்டை" என்றேன்.
பேனா நின்றது.

இப்போது ராபிகாவின் பக்கத்தில் இன்னொரு கட்டம்.
தினமும் நான்கு எண்கள், நான்கு ஊசிகள்.
சர்க்கரைக் கட்டி டப்பாவை
ஏதோ துரோகியைப் போலப் பரணில் ஏற்றிவிட்டாள்.
சில இரவுகள் ஒரு தரம்கூட எழுவதில்லை,
அப்போது அவள் எழுந்து
நான் மூச்சு விடுகிறேனா என்று பார்க்கிறாள்.

டிசம்பர். பாலத்தின் மேல் பனியைப் பெருக்கிவிட்டு ஏறுகிறேன்.
அறுபது.
போன வாரம் மூட்டைத் தராசில் அறுபத்தேழு தொள்ளாயிரம்,
இன்று காலை அறுபத்தெட்டு முந்நூறு.
பாலத்துக்கு இது தெரியாது,
எழுபதைத் தொடும்வரை சொல்லவும் முடியாது.

ஊமிர்ஜான் ஹார்ன் அடிக்கிறான்.
இறங்கி வழி விடுகிறேன்.