எடைச் சீட்டு

புதுவயல் ஆலையில் முப்பது வருஷம்
மூட்டை எடை எழுதினவன்.
இப்போது விடிந்தால்
என்னையே நிறுத்து எழுதுகிறேன்.

இரவெல்லாம் வயிற்றில் நீர் ஏற்றி இறக்கிய
டயாலிசிஸ் இயந்திரம் அடங்கிவிட்டது.
கைக்கணினி மட்டும் விழித்துக் கேட்கிறது:
எடை?
மரத்த விரலுக்குப் புள்ளி அகப்படவில்லை.
ஐம்பத்தெட்டு புள்ளி நாலு
ஐந்நூற்று எண்பத்து நாலானது.
ஏறக்குறைய எட்டு மூட்டை நெல்.

திருத்த வழி தேடுவதற்குள்
திரை அணைந்தது.
கனத்த சுவரில் சிக்னல் நுழையாதென்று
முற்றத்துக் கம்பியில் தொங்கவிட்ட மோடம்,
மூன்று நாளாக எதையும் அனுப்பாதது,
இதை மட்டும் மதுரைக்கு அனுப்பியது.

ஆறேகாலுக்கு நர்ஸ் பெனிட்டா:
"என்னங்கய்யா, ராத்திரி ஆலையையே சாப்பிட்டீங்களா?"
சிரித்தேன். அவளும்.
பிறகு குரல் மாறி,
கால் வீங்கியிருக்கா,
வடிஞ்ச நீர் தெளிவா, கலங்கலா?

உமையாள் பையைத் தூக்கிப் பிடித்தாள்.
பின்னால் நேற்றைய தினசரி.
நீருக்குள்ளிருந்து நெல் விலை வாசித்தேன்,
குவிண்டாலுக்கு நாற்பது ரூபாய்
இறங்கியிருப்பது வரை.
"தெளிவும்மா."

அதற்குள் திரை மறுபடி எரிந்து
ஆம், இல்லை என்றது,
கேள்வியைக் காட்டாமல்.