ஏழாம் எண் பேனல்

கொரடாச்சேரி துணைமின் நிலையத்தில்
பதினோராயிரம் வோல்ட்
பத்து இரும்புப் பீரோக்களாக வரிசையில் நிற்கிறது.
நகைக்கடையில் வேலைக்குப் போயிருந்தாலும்
இத்தனை பூட்டு பார்த்திருக்க மாட்டேன்.

ஒரு பீரோவுக்குள் நான்கு அறை.
மீட்டர்களுக்கு ஒன்று, பிரேக்கருக்கு ஒன்று,
செம்புப் பட்டைகளுக்கு ஒன்று,
தரைக்கடியிலிருந்து கேபிள் ஏறி வர ஒன்று.
நடுவில் எல்லாம் தகடு.
ஓர் அறை எரிந்தால் அடுத்த அறைக்குச் சூடு தெரியக் கூடாது.
பாகப்பிரிவினைக்குப் பிறகு
என் சித்தப்பாக்கள் கட்டிய சுவர் நினைவுக்கு வரும்.

பிரேக்கர் வண்டியைப் பின்னுக்கு இழுத்தால்
இரண்டு மூடிகள் தாமே இறங்கி
உயிருள்ள முனைகளை மறைத்துக்கொள்ளும்.
எத்தனை பேர் கைவிட்டுப் பார்த்திருந்தால்
இப்படி ஒரு மூடி யாருக்கோ தோன்றியிருக்கும்!

உச்சியில் ஒரு மடல்,
உள்ளே வெடித்தால் நெருப்பு மேலே போக,
முன்னால் நிற்பவர் முகத்துக்கு வராமலிருக்க.
இதுவரை திறந்ததில்லை.
பல்லி முட்டையிட்டிருக்கிறது அங்கே.

ஐப்பசி.
வெண்ணாறு கரையைத் தொட்டு ஓடுகிறது.
கேபிள் பள்ளத்தில் கணுக்கால் தண்ணீர்,
அதில் ஒரு தவளை, அதற்கு மேல் என் கவலை.
பேனலுக்கு வியர்க்கக் கூடாதென்று
உள்ளே சின்ன ஹீட்டர் எரிகிறது.
எனக்கு அப்படி யாரும் ஒன்று வைக்கவில்லை.

இரவு பதினொன்று பத்துக்கு
ஏழாம் எண், எண்கண் ஃபீடர், விழுந்தது.
கண்ணாடிக்குள் பச்சைக் கொடி.
பதினொன்று பன்னிரண்டுக்கு முதல் போன்:
"நாத்து முழுவி மூணு நாளாச்சு மேடம்,
மோட்டார் ஓடுனாத்தான் தண்ணி வடியும்."
அதன் பிறகு எண்ணவில்லை.

லைனில் போனவர்கள் ஊர் எல்லைச் சுவிட்சைத் திறந்துவிட்டு
அதற்கப்பால் தேடுகிறார்கள்.
இடும்பையன் நனைந்து வந்து நின்றார்.
கேபிள் முனையில்தான் கோளாறு, வாடை அடிக்கிறது,
கதவைத் திறந்து ஒரு பார்வை போதும் என்றார்.
கைப்பிடி போட்டு இருபத்திரண்டு சுற்று,
வண்டி வெளியே வந்தது.
இனி எர்த் சுவிட்சைப் போட்டால் கதவு வழிவிடும்.
எர்த் போடாமல் திறக்காது.

எர்த் விழவில்லை.
நெம்புகோல் பாதியில் நின்று
மாடு மாதிரி முரண்டு பிடித்தது.
"துரு" என்றார்.
சட்டைப்பையிலிருந்து ஒரு முழம் கட்டுக்கம்பி எடுத்தார்.
இதை எங்கே நுழைத்தால் எந்தப் பூட்டு ஏமாறும் என்று
இந்தத் தொழிலில் பலருக்கும் தெரியும்.
தெரிந்தவர்களில் இருவர் படம்
டிவிஷன் ஆபீஸில் மாலையோடு இருக்கிறது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.
நான் கதவின் மேல்வரிசையைப் பார்த்தேன்.
மூன்று சின்ன விளக்குகள்,
கடுகளவு சிவப்பு.
அணைந்திருக்க வேண்டியவை.

பிரேக்கர் வெளியே. வண்டி வெளியே.
இந்தப் பக்கத்திலிருந்து ஒரு துளி போக வழியில்லை.
அப்படியென்றால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

"கையெடுங்க."
என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நடுவழியில் நவீன அரிசி ஆலை.
ஈர நெல் முளைத்துவிடுமென்று
டிரையருக்காக ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள்;
மாற்று சுவிட்சை மாற்றாமல்.
அவர்கள் டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து
எங்கள் கேபிளுக்கே உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது,
யாரும் கேட்காத தானம்.
போனில் ஆலை மேஸ்திரி சொன்னார்:
"லைட்டு எரியுதே மேடம், பிறகென்ன?"

பதினொன்று ஐம்பத்தெட்டு. ஜெனரேட்டர் நின்றது.
மூன்று சிவப்பும் ஒன்றாக அணைந்தன.
நெம்புகோல் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது.
துருவெல்லாம் எங்கே போயிற்றோ.

கதவு திறந்தது.
இடும்பையன் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார்.
கேபிள் முனையில் ஒன்றுமில்லை.
வாடை பள்ளத்தில் செத்துக் கிடந்த எலியுடையது.

பதிவேட்டில் எழுதினேன்:
எர்த் சுவிட்ச் இயங்க மறுத்தது, காரணம் சரி.
அப்படி எழுத விதி இருக்கிறதா தெரியவில்லை.

போகும்போது அவர் குடையில்
ஒரு கம்பி உடைந்து தொங்கியது.
பையிலிருந்த அந்த ஒரு முழத்தை எடுத்து
வாசல் விளக்கடியில் நின்று
அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு
மழைக்குள் இறங்கினார்.