குமிழுக்குப் பன்னிரண்டு ரூபாய்

குமிழ் ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
பேசுகிற குமிழ், நினைக்கிற குமிழ்,
'டமார்' என்று வெடிக்கிற முள்ளுக் குமிழ்,
எல்லாம் ஒரே விலை.
உவர்மலையில் வாடகை அறை.
கரண்ட் இருக்கிற நேரமெல்லாம்
தமிழால் நிரப்புகிறேன்.
கொழும்பில் அச்சாகி
வெள்ளிக்கிழமை பஸ்ஸில் திரும்பி வரும்.

அவளுக்குப் பெயர் வைத்தது நான்.
மூலத்தில் என்னவோ நெருப்புச் சம்பந்தமான சொல்.
அனல்மொழி என்றேன்.
மூன்றாம் இதழில்
ரயிலை நெஞ்சு கொடுத்து நிறுத்தினாள்.
ஒன்பதாம் இதழில்
விழப்போன பாலத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு
மறு கையால் தலைமுடியை ஒதுக்கினாள்.
அறுபத்தொரு குமிழ் பேசினாள்.
அந்த மாதம் காஸ் சிலிண்டர்
அவளால்தான் வந்தது.

நாற்பத்தோராம் இதழ், பதினேழாம் பக்கம்.
அதே கை.
ஒருத்தனுடைய மணிக்கட்டை
அந்தக் கையால் தள்ள முடியவில்லையாம்.
ஏன் என்று எழுதியவர் சொல்லவில்லை,
வரைந்தவர் கேட்கவில்லை.
அவருக்கு வேறு வேலை இருந்தது.
கிழிந்த உடையின் ஒவ்வொரு நூலையும்
வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று யோசித்து
ஆறுதலாக வரைந்திருக்கிறார்.
முகத்துக்குத்தான் இடம் போதவில்லை.
முகம் கட்டத்துக்கு வெளியே.

பதினெட்டில் ஆஸ்பத்திரி யன்னல், மழை, ஒரு போர்வை.
போர்வைக்கு மேலே அவளுடைய குமிழ்.
அதற்குள் மூன்று புள்ளி.
புள்ளிக்கும் அதே பன்னிரண்டு.

பிறகு இடிமார்பன் கூரைக்கு ஏறிவிட்டான்.
நாற்பத்து நான்காம் பக்கம் வரை
அவன் கோபம், அவன் கண்ணீர், அவன் முஷ்டி.
எண்ணிப் பார்த்தேன்,
அருச்சனை மாதிரி நூற்றெட்டுக் குமிழ்.
நாற்பத்திரண்டின் பக்கங்களும் வந்திருந்தன.
அவள் இல்லை.
அவன் மேசையில் ஒரு படச்சட்டம்,
அதுவும் பாதி
தேநீர்க் கோப்பைக்குப் பின்னால்.

மாடிப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
கீழ்வீட்டு மரியசீலி பார்மசி வேலை முடிந்து வந்தாள்.
கையில் சூரைமீன் துண்டு, விலையில் அதிருப்தி.
பதினொரு தவணை கோட்டுக்குப் போனவள் அவள்.
தம்பி கத்தியைத் தூக்கி நின்றபோது
"அதை வை, முதல்ல ஓட்டோ ஒண்டு பிடி" என்றவள்.
பக்கங்களை வாங்கினாள்,
மீன்வாசக் கையாலேயே புரட்டினாள்.
பதினேழைத் தாண்டிப் போனாள்,
பதினெட்டில் நின்றாள்.

"இவள் அடுத்த நாள் என்ன சாப்பிட்டவள்?"

தெரியாது என்றேன்.

"எனக்கு வார்டில தேத்தண்ணி தந்தவை.
சீனி இல்லை.
எனக்கு அண்டைக்கு வந்த கோவமெல்லாம்
அந்தச் சீனியிலதான் வந்தது.
நர்சோட சண்டை பிடிச்சனான்."
சிரித்தாள்.
மீனை வெட்ட உள்ளே போய்விட்டாள்.

அன்று இரவு மூன்று புள்ளியையும் அழித்தேன்.
'இந்தத் தேத்தண்ணிக்கு ஏன் சீனி இல்லை?'
குமிழுக்குள் சரியாக அடங்கியது.
அளந்து வரைந்தது போல.

திங்கட்கிழமை கொழும்பிலிருந்து ஜெயசோதி அண்ணன்:
"தங்கச்சி, சோகமான கட்டம்.
பெடியள் அழவேணும்.
சீனி எங்கேயிருந்து வந்தது?
மூலத்தில் இல்லாததை எழுதலாமோ?"
"மூலத்தில் ரயிலை நிறுத்தினவள், அண்ணன்."
லைன் கட்டானது.

இதழ் வந்தது. புள்ளிகள் திரும்பியிருந்தன.
பஸ் ஸ்டாண்டில் யாரோ வாங்கிப் பார்த்து
வாங்கிலேயே விட்டுப் போயிருந்தார்கள்.
ஊர்மான் ஒன்று,
வாழைப்பழத் தோலையும் லொத்தர் சீட்டையும் தின்று பழகியது,
இடிமார்பனின் சபதத்தைக் கிழித்து
அவசரமில்லாமல் மென்றது.
அது தின்னாத தாள்களைப் பார்க்கவில்லை நான்.
காட்டூன் மாதிரி இருந்திருக்கும், ஒன்றுதான் மிச்சமென்றால்.

பில் அனுப்பியாயிற்று.
நாற்பத்தோராம் இதழ், குமிழ் இருநூற்றிரண்டு.
கீழே கையால் இன்னொரு வரி:
நீக்கப்பட்டது ஒன்று.
அதற்கும் பன்னிரண்டு ரூபாய்
போட்டிருக்கிறேன்.