டாக்டர் செருப்பு

களியக்காவிளையில் மீன் சந்தைக்குத் திரும்பும் முக்கில்
மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி.
டாக்டரின் சான்றிதழ் தேக்குச் சட்டத்துக்குள்.
என்னுடையது பிளாஸ்டிக் உறையில், கொஞ்சம் கீழே:
ஜெ. விஜிலா, பல் சுகாதாரப் பணியாளர்,
பதிவு எண், வட்ட முத்திரை.

சட்டம் எனக்கு விட்டுத்தந்தது இவ்வளவு:
காரை எடுக்கலாம். மெருகேற்றலாம்.
துலக்கச் சொல்லிக் கொடுக்கலாம்.
ஊசி கூடாது. பிடுங்கக் கூடாது.
இன்ன நோயென்று வாய் திறக்கக் கூடாது,
நாளெல்லாம் திறந்த வாய்களுக்கு நடுவே.
எதற்கும் டாக்டர் உள்ளே இருக்க வேண்டும்.

அதாவது
படி முடியும் இடத்தில் அவர் செருப்பு கிடந்தால்
என் கை, கை.
இல்லாவிட்டால் அதே கை, அதே கருவி,
குற்றம்.

டாக்டர் ப்ரதீஷுக்குப் பாறசாலையிலும் ஒரு நாற்காலி உண்டு.
நாலைந்து கிலோமீட்டர், ஒரு செக்போஸ்ட்,
கோழி லாரிகளின் வால்.
அந்தப் பக்கம் வேறு கவுன்சில், வேறு பதிவேடு;
அங்கே நான் வெறும் விஜிலா.
பரிசோதனைக்கு ஆள் வருவதாகப் பேச்சு கிளம்பியதும்
பழைய ஜோடி ஒன்றை வாசலில் விட்டுப் போகத் தொடங்கினார்.
பழுப்பு நிறம், குதிகால் தேய்ந்தது.
காலையில் பெருக்கும்போது
அவரை நகர்த்துவேன், பெருக்குவேன்,
திரும்ப அவரை வைப்பேன்.

வியாழக்கிழமை ரசாலம் வந்தார்.
ரப்பர் ஷீட் வியாபாரம். ஞாயிறு மகளுக்கு நிச்சயம்,
போட்டோவில் சிரிக்க வேண்டுமாம்.
கீழ்வரிசைக்குப் பின்னால்
முப்பது வருஷத்து வெற்றிலை, கல்லாகி.
ஈறு தொடும் முன்னே கசிந்தது.
மேல் பொத்தானுக்குக் கீழே ஒரு தழும்பு எட்டிப் பார்த்தது.

கம்ப்ரசர் நின்றது. அப்போதுதான் கேட்டது:
டிக். டிக்.
என் கையில் வாட்ச் கிடையாது.
சுவர்க் கடிகாரம் ஓணத்தோடு நின்றுபோனது.

'வால்வு மாத்தியிருக்கா?'
'அது திருவனந்தபுரத்துல, ஆறு கொல்லம் ஆச்சு.
பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்னம்மா?'
'ரத்தம் இளகுறதுக்கு மாத்திரை?'
'ராத்திரி ஒண்ணு. சின்னது.'

போன் போட்டேன்.
'நீ தொடங்கு, பத்து நிமிஷத்துல வந்துருவேன்.'
அவருக்குப் பின்னால் ரோட்டுச் சத்தம் இல்லை.
பாறசாலைக் கம்ப்ரசரின் இரைச்சல்.

செருப்பைப் பார்த்தேன்.
செருப்பு ஒன்றும் சொல்லவில்லை.

கருவியைத் தட்டில் வைத்தேன்.
என்னென்ன செய்யலாமென்று எண்ணி எண்ணி எழுதியவர்கள்
செய்யாமலிருக்க
யாருடைய மேற்பார்வையும் கேட்கவில்லை.

'நெஞ்சு டாக்டர் கிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க.'
'பல்லு தேய்க்க இம்புட்டு எழவா?'
கழுத்துத் துணியை நாற்காலியில் எறிந்துவிட்டு
டிக்கென்று டிக்கென்று படியிறங்கினார்.

டாக்டர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை காலை ரசாலம் மறுபடி,
நாலாக மடித்த கடிதத்தோடு.
மாத்திரையை நிறுத்த வேண்டாம்.
ரத்த அளவு சரி.
சுத்தம் செய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால்
இந்தக் கேப்சூல் நாலு.
டாக்டர் இருந்தார், புதுச் செருப்போடு.
இரண்டு தடவை வாசித்தார். 'ம்' என்றார்.

அந்த ஒரு மணி நேரம் பெஞ்சில் நானும் அவரும்.
கீழே சாளை ஏலம் போய்க்கொண்டிருந்தது.
'அன்னைக்கு எதுத்த கடைக்குத்தான் போனேன்' என்றார்.
'அவன் நெஞ்சைப் பத்தி ஒண்ணுமே கேக்கல.
பயந்து எழும்பி வந்துட்டேன்.'
அப்புறம் தன் மார்பைத் தானே கேட்பவர் போல
கொஞ்சம் குனிந்துகொண்டார்.

கல் உடைந்து உடைந்து வந்தது. ரத்தம் சொன்ன அளவில் நின்றது.
கண்ணாடி கொடுத்தேன். சிரிக்கவில்லை,
ஞாயிற்றுக்கு மிச்சம் வைத்தார்.

நாலு மணிக்கு டாக்டர் பாறசாலைக்குக் கிளம்பினார்.
பழைய ஜோடியை எடுத்து
ரத்தப் பஞ்சு போடும் மஞ்சள் பைக்குள் போட்டேன்.
கழிவு எடுக்க வந்த பையன் தராசில் தொங்கவிட்டுக் கேட்டான்:
'என்னக்கா, இன்னைக்குக் கனம் கூடுதலா இருக்கு?'
'டாக்டர்' என்றேன்.