மூன்றாம் கணினிக்கு ஒரு விண்ணப்பம்

முக்தார் பாய்,
சாவியை வாங்கும்போதே கேட்டுவிடுகிறேன்.
மூன்றாம் கணினியில் மட்டும்
அந்தப் புது உலாவியை ஏற்றிக்கொள்ளட்டுமா?

போன செவ்வாய்தான் வெளிவந்தது.
காசு கிடையாது.
மாடி மேன்ஷன் இன்பநாதன் விரல்விட்டு எண்ணினான்:
வேகமாம், நினைவகத்தைக் கொஞ்சமாய்த் தின்னுமாம்,
இன்னும் என்னென்னவோ.
பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை.
என் காரணங்கள் வேறு.

குரூப் நாலு கடைசி நாள் ஞாபகமிருக்கிறதா?
ஜாம்பஜார் மீன்கடை வரை வரிசை.
பதினொன்று ஐம்பதுக்கு நம் பழைய உலாவி
பாரதி சாலை நடுவே பழுதான பஸ் மாதிரி
வெள்ளையாய் நின்றுவிட்டது.
ஒரு பையன் திரையைக் கும்பிட்டான்.
நீங்கள் பிளக்கைப் பிடுங்கிச் செருகினீர்கள்.
பன்னிரண்டு அடித்தது.
அவன் கொடுத்த முப்பது ரூபாயை
நீங்கள் அவன் பையிலேயே திணித்தீர்கள்.

கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கு
விளக்குப் படம் தேடும்போதெல்லாம்
ஓரத்தில் ஒரு பெண்
கூந்தல் தைலத்துக்காக ஆடுகிறாள்.
இறந்தவரின் மகன் பக்கத்தில் நிற்கிறார்.
ஒரு கையால் தட்டச்சு செய்கிறேன்,
மறு கையால் அவளை மறைக்கிறேன்.

அப்புறம் எழுத்து.
'கோ' என்று அடித்தால்
ககரத்தின் இரண்டு கைகளையும் பிய்த்து
ஆளுக்கொரு பக்கம் எறிகிறது.
நடுவில் ஒரு புள்ளி வட்டம்,
செத்த பூச்சியை எறும்புகள் சுற்றி நிற்பதுபோல.

இதுவரை சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று.
வியாழன் மதியம் கோகிலவாணி வந்தாள்,
ஐஸ் ஹவுஸ் பக்கம் இட்லிமாவு அரைக்கிறாளே, அவள்.
குடும்ப அட்டையில் மகன் பெயரைச் சேர்க்க.
தலைவர் பெயர்க் கட்டத்தில்
ஓர் எழுத்துதான் அடித்தேன்.
பழையதற்கு ஞாபகசக்தி அதிகம்.
கேட்காமலே அத்தனையையும் கொட்டியது:
அவள் புருஷன் பெயர்,
போன வாரம் அதே நாற்காலியில் அவர் நிரப்பிய
பெரம்பூர் முகவரி,
மனைவி என்ற இடத்தில் மூன்றெழுத்து.
அவளுடையது ஏழெழுத்து.

வாசித்தாள்.
"எவ்ளோக்கா?" என்றாள்.
அறுபது என்றேன்.
நூறை வைத்துவிட்டுப் போனாள்,
மீதிக்கு நிற்கவில்லை.

புதியது
மூடின கையோடு மறந்துவிடுமாம், பாய்.

*

கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி கேட்டார்:
"இது சொல்லலேன்னா
அந்தப் பொண்ணுக்கு
யாரும்மா சொல்லியிருப்பாங்க?"

பதில் இல்லை என்னிடம்.
பறக்கும் ரயில் ஒன்று போய் முடிந்தது.
புது உலாவியின் சின்னத்தைக் காட்டினேன்,
பச்சையாய், ஏதோ டிராகனாம்.
"பல்லிம்மா இது" என்றார்.
அந்த நேரம் பார்த்து
டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து
நிஜப் பல்லி ஒன்று மூன்று தரம் சொன்னது.
சகுனத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.
ஆனாலும் சிரித்துவிட்டு
"போட்டுக்கோ" என்றார்.

தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் மின்சாரம் போனது.
மறுபடி முதலிலிருந்து.

*

திங்கள் காலை வந்தாள்.
நேராகப் பழைய கணினி முன்னால் உட்கார்ந்தாள்.
மூன்றாவதற்கு வாருங்கள்,
புதுசு, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது என்றேன்.

"வேணாங்க்கா.
என்கிட்ட உண்மையச் சொன்னது
இந்தத் தெருவுல இது ஒண்ணுதான்.
இதுலயே போடுங்க.
தனி அட்டை வேணும்,
என் பேரும் புள்ள பேரும் மட்டும்."

சரியென்று அவள் பெயரை அடித்தேன்.
முதல் எழுத்திலேயே உடைந்தது.
கை ஒரு பக்கம், கை ஒரு பக்கம்,
நடுவில் அந்த வட்டம்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.
"இது யாரு?" என்றாள்.
நீங்கதான் என்றேன்.

எழுந்தாள்.
ஒரு சக்கரம் போன அந்த நாற்காலியை
தரை கிறீச்சிட
அவளே இழுத்துக்கொண்டு வந்தாள்
மூன்றாவதற்கு.